தக்கியன் வளைவில் இரண்டரை வினாடி

அறிக்கையை ஜக்ரித் மூன்றாவது முறையாக வாசித்தான். எத்தனை முறை வாசித்தாலும் கணக்கு குறைகிற மாதிரி தெரியவில்லை.

"அறுநூத்தி இருபத்தி நாலு தடவை அக்கா. அத்தனையும் ஒரே இடத்துல, தக்கியன் வளைவுல. நிஜமாச் சொல்லுங்க, நீங்க ஸ்டியரிங்லேர்ந்து கையை எடுக்கவே இல்லையா?"

"எடுக்கவே இல்ல தம்பி," என்றாள் புவாபான். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் நீதிபதிகூட வழக்கை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவ்வளவு வெள்ளந்தியான முகம்.

வடக்கு தாய்லாந்தில், பிரே நகரத்து பஸ் நிலையத்திலிருந்து மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிவரை ஒன்பது கிலோமீட்டர். அந்தப் பாதையில் மூன்று மாதமாக ஒரு குட்டி பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு இருக்கை, வெள்ளை நிறம், நெற்றியில் நாலு கேமரா. அது தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். ஆனால் முதல் கட்டப் பரிசோதனையில் அதை யாரும் நம்பத் தயாராக இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் இருக்க வேண்டும் என்பது பாங்காக் போட்ட விதி. அந்த ஆள்தான் புவாபான். இருபத்திரண்டு வருஷம் இதே பாதையில் சொங்தேவ் என்கிற ஷேர் வண்டி ஓட்டியவள். முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்ததும் அந்தப் பழைய வண்டியை விற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தாள். வயது ஐம்பத்தொன்று. வண்டியில் உட்காருவதைத் தவிர அவளுக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

கம்பெனி இன்ஜினியர் ஜக்ரித்துக்கு நாற்பது வயது. ஸ்டியரிங்கில் கை படுகிறதா இல்லையா என்று பார்க்கும் ஒரு சாதனத்தை அவன்தான் பொருத்தியிருந்தான். கை மூன்று வினாடி விலகினால் அது வீல் என்று கத்தும். அதற்குக் குறைவாக விலகினால் கத்தாது, கமுக்கமாக எழுதி வைத்துக்கொண்டு நேரே பாங்காக்குக்குச் சொல்லிவிடும். தக்கியன் வளைவில் அது ஒவ்வொரு தடவையும் இரண்டரை வினாடி என்று எழுதியிருந்தது. இன்னொரு பக்கம், தினமும் மாலையில் புவாபான் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் ஏழாவது கேள்வி: இன்று ஓட்டத்தின்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தீர்களா? எழுபத்தெட்டு நாளும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டு, அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்கியன் வளைவில், பாறைக்கு அடியில், ஒரு பெரிய தக்கியன் மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. ஏழு நிறத்துத் துணி சுற்றி, கண்ணாடி, சீப்பு, பட்டுப் பாவாடை எல்லாம் சாத்தி, சுற்றிலும் நேர்த்திக்கடனாக வரிக்குதிரை பொம்மைகளும் உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா பாட்டில்களும் அடுக்கியிருப்பார்கள். அந்தக் கட்டையில் குடியிருப்பவள் தக்கியன் தாய். அவளைக் கடக்கும்போது மூன்று தடவை ஹார்ன் அடித்துவிட்டு ஒரு கும்பிடு போடாத ஓட்டுநர் அந்த மாவட்டத்தில் இல்லை. புவாபானும் போட்டாள். இரண்டு கையையும் கூப்பி, நெற்றிக்குக் கொண்டுபோய், இறக்கினாள். ஆனால் கும்பிடுவதைக் கையை எடுப்பது என்று யாராவது நினைப்பார்களா? இன்று மூச்சு விட்டீர்களா என்று கேட்டிருந்தால் அதற்கும் யோசித்துத்தான் பதில் எழுதியிருப்பாள்.

ஜக்ரித் சாதனத்தை மாற்றினான். ஒயரை மாற்றினான். பாறையில் இரும்பு கிடக்கிறதோ என்று சியாங் மாயிலிருந்து ஒரு ஆளை வரவழைத்துத் தட்டிப் பார்த்தான். கடைசியில் நோட்டும் பேனாவுமாக அவனே பதினாலு தடவை புவாபானுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தான். பதினாலு தடவையும், சரியாக அந்த இரண்டரை வினாடியில், அவன் நோட்டை மடியில் போட்டுவிட்டுத் தலை குனிந்து கண்மூடித் தாயைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் கை ஸ்டியரிங்கில் இருக்கும். அந்த இடத்தில் ஏதோ மர்மம் இருக்கிறது என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான்.

இப்போது பாங்காக்கிலிருந்து கடிதம் வந்துவிட்டது. வியாழக்கிழமை மூன்று பேர் கொண்ட குழு நேரில் வருகிறது. அதுவரை பஸ் ஓடக் கூடாது, ஷெட்டில் நிற்க வேண்டும். காரணம் தெரியாவிட்டால் பரிசோதனை நிற்கும், பஸ்ஸை லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். ஓட்டுநர்தான் காரணம் என்றால் ஓட்டுநரின் உரிமம் ரத்தாகும்.

"நாம ஒரு தப்பும் பண்ணலையே, நமக்கென்ன பயம்?" என்றாள் புவாபான்.

புதன்கிழமை மதியம் பஸ் நிலையத்துக்கு எதிரே கனோம் சீன் கடையில் அவள் சேமியாவில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது இன்சோம் வந்து எதிரில் உட்கார்ந்தார். இன்றைக்கும் சொங்தேவ் ஓட்டுகிறவர். அந்த பஸ்ஸைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"என்ன தங்கச்சி, உன் பிசாசு வண்டிக்கு நாளைக்குப் பரீட்சையாமே?"

"பிசாசும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்களைவிட ஒழுங்கா ஓட்டுது. சிவப்பு விளக்குல நிக்குது, தெரியுமா?"

"அடேயப்பா! சரி, வளைவுல தாயைக் கும்பிடுமா உன் வண்டி? அதுக்கு மரியாதை தெரியுமா?"

"அதுக்கு ஏதுண்ணே கை? அதுக்கும் சேர்த்து நான்தான் ரெண்டு கையாலயும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். கரண்டி பாதி வழியில் நின்றது. ரெண்டு கையாலயும். ரெண்டு கையும்.

"என்ன, காரம் ஏறிடுச்சா?" என்றார் இன்சோம்.

புவாபான் அந்தக் கிண்ணத்தை அப்படியே அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள். முழங்கால் வலி அவளுக்கு நினைவே இல்லை.

ஷெட்டில் அவள் சொல்லி முடித்ததும் ஜக்ரித் ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். முதலில் சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகுதான் அந்த எழுபத்தெட்டு படிவம் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது.

"அக்கா, அது அரசாங்கப் படிவம். எழுபத்தெட்டு தடவை தப்பாச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உரிமத்தைப் பிடுங்கிடுவாங்க."

"கையை எடுத்தியான்னுதானே கேட்டான்? கும்பிட்டியான்னா கேட்டான்?"

"அதை அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க!" அவன் எழுந்து அவள் எதிரே வந்து குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு செய்யலாம். நாளைக்கு ஒரே ஒரு நாள் கையை எடுக்காதீங்க. கருவி ஒண்ணும் எழுதாது. புது ஒயர் மாட்டினோம், சரியாயிடுச்சுன்னு நான் சொல்லிடறேன். வந்தவங்க சாப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. பஸ்ஸும் நிக்காது, உங்க வேலையும் போகாது."

"கும்பிடாம போகச் சொல்றியா?"

"மனசுக்குள்ள கும்பிடுங்க."

"மனசுக்குள்ளன்னு வேண்டிக்கலையே தம்பி. ரெண்டு கையாலன்னுதானே வேண்டிக்கிட்டேன்."

பதினாறு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில், பதினாலு பேரோடு ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கும்போது அவளுடைய சொங்தேவுக்கு பிரேக் போய்விட்டது. வண்டி வளைவில் பள்ளத்தை நோக்கிப் போகாமல் தாயின் மேடையில் மோதி நின்றது. நாலு வரிக்குதிரை நொறுங்கியது, மனிதர்களில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு மண்டியிட்டு, உயிர் இருக்கும்வரை இரண்டு கையும் கூப்பாமல் உன்னைக் கடக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அதன்பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அன்று மாலை அவள் வளைவுக்குப் போனாள். நாலு சிவப்பு சோடா வாங்கி வைத்து, ஊதுபத்தி ஏற்றி, தாயிடம் ஒரு நாள் லீவு கேட்டாள். அங்கே எண் எழுதிய குச்சிகள் போட்ட மூங்கில் குவளை உண்டு. அதைக் குலுக்கினாள். ஒன்பதாம் குச்சி விழுந்தது. அந்த எண்ணுக்குரிய குறிச் சீட்டில், தொலைந்த பொருள் கிடைக்கும், கர்ப்பிணிக்கு ஆண் குழந்தை என்று அச்சிட்டிருந்தது.

"இதுக்கு நான் என்ன அர்த்தம் எடுக்கறது தாயே?" என்று மரக்கட்டையிடம் கோபமாகவே கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை குழு வந்தது. தலைவி ராச்சனி முன்பு போக்குவரத்துப் போலீஸில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் பார்வை பட்டாலே கையில் இருக்கிற உரிமம் தானாகக் கிழிந்துவிடும் போலிருக்கும். கூடவே பேராசிரியர் வொராவித் வந்திருந்தார். வண்டிகளின் கணக்கையே சோறாகத் தின்கிற மனிதர். மூன்றாவது ஆள் ஒரு இளம் வக்கீல். விதிப் புத்தகத்தைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வளைவை உன்னிப்பா கவனிக்கணும்," என்றார் ராச்சனி. பஸ் கிளம்பியது.

புவாபான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜக்ரித் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு நாள் என்று அவன் கண் கெஞ்சியது. அவளும் அப்படித்தான் முடிவெடுத்திருந்தாள். முன்னால் போன காய்கறி லாரி மூன்று தடவை ஹார்ன் அடித்தது. பாறை தெரிந்தது. துணிகள் தெரிந்தன. விரல்கள் வலிக்க வலிக்க அழுத்திப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பார்த்தால் கை இரண்டும் நெற்றியில் இருந்தன.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே கையை இறக்கி, கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ராச்சனி கண்மூடிக் கைகூப்பியிருந்தார். பேராசிரியர் கைகூப்பியிருந்தார். வக்கீல் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைகூப்பியிருந்தார். ஜக்ரித்தும்தான். பஸ் தன் பாட்டுக்கு வளைந்து, கோட்டை ஒரு விரல்கூடத் தாண்டாமல் மேலே ஏறியது.

ஜக்ரித்தின் கையில் இருந்த தொடுதிரைப் பலகையில் அறுநூற்று இருபத்தைந்து என்று வந்தது.

"பார்த்தீங்களா பேராசிரியரே?" என்றார் ராச்சனி.

"அது வந்து... அந்த நேரம் பார்த்து... நீங்க பார்த்திருப்பீங்கன்னு..."

"திருப்பச் சொல்லுங்க வண்டியை."

திரும்பி வந்தார்கள். அறுநூற்று இருபத்தாறு. மறுபடியும் யாரும் பார்க்கவில்லை. ராச்சனிக்கு முகம் சிவந்தது. "ஒரு ஆளாவது கண்ணைத் திறந்து வச்சிருக்கணும். தம்பி, நீங்க பாருங்க," என்றார் வக்கீலிடம்.

"மேடம், எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு," என்றார் வக்கீல். நிஜமாகவே கலங்கிவிட்டார். "நீங்களே பாருங்களேன்."

"நானா?" என்றார் ராச்சனி. சாலையின் ரௌடிகள் எல்லாரையும் நடுங்க வைத்த அம்மையார் ஜன்னல் வழியாக அந்த மரக்கட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதெல்லாம் வேண்டாம். நேர்ல பார்த்தும் காரணம் தெரியல. கருவியை நம்ப முடியாது. பரிசோதனையை நிறுத்தறதா எழுதிக்குங்க."

"மேடம், தப்பு என்னோடது," என்றான் ஜக்ரித் அவசரமாக. "கருவியை நான்தான் சரியா மாட்டல. பஸ்ஸைத் திருப்பி எடுத்துட்டுப் போறேன். அக்காவுக்கு இதுல சம்பந்தமே இல்ல."

புவாபான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்காக மூன்று வருஷ உழைப்பைத் தூக்கிப் போடுகிறானே இந்த மனுஷன் என்று நினைத்தாள். மூன்று மாதமாகத் தன்னோடு ஓடிய அந்த வெள்ளை வண்டியையும் நினைத்தாள். ஒரு நாயைக்கூட இடித்ததில்லை அது. அதைப் போய் லாரியில் கட்டி ஏற்றுவதா?

"கருவியில கோளாறு இல்ல மேடம். கை எடுத்தது நான்தான். தாயைக் கும்பிட்டேன். அறுநூத்தி இருபத்தி ஆறு தடவையும் கும்பிட்டேன்."

ராச்சனி அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப படிவத்துல இல்லைன்னு ஏன் எழுதினீங்க?"

"நேத்து மத்தியானம் வரைக்கும் எனக்கே தெரியாது மேடம். கும்பிட்டதைப் போய் கை எடுத்ததா யாராவது நினைப்பாங்களா? நீங்க இப்ப ரெண்டு தடவை கும்பிட்டீங்களே, கையில வச்சிருந்த பேனா எங்க?"

ராச்சனி கையைப் பார்த்தார். பேனா இல்லை. அது இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்தது.

முதலில் சிரித்தது வக்கீல்தான். பேராசிரியர் சிரிக்கவில்லை. அவர் ஜக்ரித்தின் கையிலிருந்து பலகையைப் பிடுங்கி விறுவிறுவென்று விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அறுநூத்தி இருபத்தி ஆறு தடவை," என்றார். "இந்த நாட்டுலயே மோசமான வளைவு. மழையில, பனியில, கையே படாம திரும்பியிருக்கு. ஒரு தடவைகூட கோடு தாண்டல! கை இல்லாம வளைவுல விட்டுப் பாருங்கன்னு நான் ரெண்டு வருஷமா கெஞ்சறேன், விதி விடமாட்டேங்குது. இந்த அம்மா ஒரே ஆளா பண்ணி முடிச்சுட்டாங்க!"

"விதியை மீறிப் பண்ணியிருக்காங்க," என்றார் ராச்சனி.

"மீறாம இருந்திருந்தா எனக்கு இந்தக் கணக்கு கிடைச்சிருக்குமா?"

அதன்பிறகு அரைமணி நேரம் பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டுச் சண்டை நடந்தது. குற்றத்துக்குத் தண்டனை வேண்டும் என்றார் வக்கீல். இந்தக் குற்றத்துக்கு விருது கொடுக்க வேண்டும் என்றார் பேராசிரியர். ராச்சனி இறங்கிப்போய், வளைவைக் கடக்கும் வண்டிகளைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்தவர் வேறு எதையோ கேட்டார்.

"ஏன்மா, அடுத்த கட்டத்துல இந்த சீட்ல ஆளே இருக்க மாட்டாங்க. அப்ப இந்த வண்டி ஹார்னும் அடிக்காம, கும்பிடும் போடாம சர்ருனு போகும். இல்லையா?"

"ஆமாம் மேடம். அதுதான் எனக்கும் பயமா இருக்கு."

"அப்படி ஒரு வண்டிக்கு நான் கையெழுத்துப் போட்டுட்டு இதே ரோட்டுல எப்படி வீட்டுக்குத் திரும்பறது?"

"மேடம், சட்டத்துல பேய்க்கெல்லாம் இடம் இல்ல," என்றார் வக்கீல்.

"இங்க நின்னுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!" என்று மற்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வக்கீல் உடனே மரக்கட்டையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு ஒரு கும்பிடு போட்டார்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஷெட்டில் ஜக்ரித் உரக்க வாசித்தான். இன்சோமும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். எழுபத்தெட்டு தவறான பதில்களுக்காக புவாபானின் ஓட்டுநர் உரிமம் இரண்டு வருஷத்துக்கு நிறுத்தப்பட்டிருந்தது. புவாபான் தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள். தெரிந்துதானே சொன்னாள்? ஆனாலும் வலித்தது. சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இருங்கக்கா, இன்னும் இருக்கு. பஸ் அடுத்த கட்டத்துக்குப் போகலாமாம். ஓட்டுநர் வேண்டாமாம். ஆனா நிபந்தனை பதினாலு: தக்கியன் வளைவு எதிர்வண்டி தெரியாத வளைவு என்பதாலும், உள்ளூர்ச் சாலை வழக்கத்தைக் கருதியும், வாகனம் அங்கே இருபது கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்து மூன்று முறை ஒலி எழுப்ப வேண்டும். அவ்வழக்கத்தை நன்கு அறிந்த உதவியாளர் ஒருவர் எப்போதும் வாகனத்தில் இருக்க வேண்டும். அவருக்கு..." ஜக்ரித் நிறுத்தி, அந்த வரியை மறுபடி பார்த்தான். "அவருக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை."

"என்னது?" என்றாள் புவாபான்.

"உனக்குத்தான் எழுதியிருக்கா அந்தப் போலீஸ்காரி!" என்று இன்சோம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கையைக் கட்டிப்போட்டுட்டு, அந்தக் கைக்கு வேலையும் குடுத்திருக்கா பாரு!"

திங்கட்கிழமை காலை பஸ் கிளம்பியது. பன்னிரண்டு இருக்கையும் நிறைந்திருந்தது, ஓட்டுநர் இருக்கை மட்டும் காலி. புவாபான் அதற்குப் பக்கத்தில், பிடிப்பதற்கு ஒன்றுமில்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தைக்காரி ஒருத்தி பின்னாலிருந்து, "அக்கா, இது கும்பிடாதாமே, நிஜமா?" என்று பயத்தோடு கேட்டாள். "சும்மா வா," என்றாள் புவாபான்.

பாறை தெரிந்ததும் பஸ் தானாக மெதுவானது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஹார்ன் அடித்தது. பின்னால் எல்லாரும், 'ஓ' என்று நிம்மதியாகச் சிரித்தார்கள். புவாபான் கைகூப்பினாள். பிறகு, கண்ணையும் மூடினாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வளைவில் அவள் கண் மூடியதே இல்லை. ஒரு கண் பள்ளத்தின்மேல், ஒரு கண் எதிரே வரும் லாரியின்மேல். 'தாயே' என்ற ஒரு வார்த்தைக்குத்தான் நேரம் இருந்தது. மற்றவர்கள் என்னென்னமோ வேண்டிக்கொள்வார்களே, நமக்கு இந்த ஜென்மத்தில் அது வாய்க்காது என்று நினைத்திருந்தாள். இப்போது இருபது கிலோமீட்டர் வேகத்தில், தாராளமாக நேரம் இருந்தது. என்ன கேட்பது? உரிமத்தைக் கேட்கலாமா, முழங்காலைக் கேட்கலாமா? ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. இவ்வளவு வருஷமாக அவசர அவசரமாகவே கடந்து போயிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"தாயே, சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.